டீயைப் பார்த்துச் சர்க்கரை சொல்ல முடியுமா?

கேள்வி: நீலகிரியில் அரவேணு பக்கம் இருக்கிறோம். என் மாமியாருக்கு 63 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். எங்கள் அரை ஏக்கர் தேயிலையில் இன்னமும் அவர்தான் கொழுந்து பறிக்கிறார். காலையில் ஒரு டீயும் மாத்திரையும் போட்டுக்கொண்டு போனால் பதினோரு மணிக்குத்தான் சாப்பாடு. விரலெல்லாம் வெடிப்பு. அதில் ஊசி குத்தினால் உயிர் போகிறது என்று மீட்டரைத் தொடவே விடமாட்டார். கோவையில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார், குத்தாமலே சர்க்கரை காட்டும் வாட்ச் ஒன்றை ஆன்லைனில் வாங்கித் தந்தார். இரண்டு மாதமாக 105, 110, 112 என்றே காட்டுகிறது. அத்தைக்கு ஒரே சந்தோஷம். போன வாரம் தோட்டத்தில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். அப்போதும் வாட்ச் 112தான். வெயில் என்று நினைத்து, சர்க்கரை போட்ட வரட்டீ கொடுத்தோம், கால் மணியில் சரியாகிவிட்டார். இந்த வாட்ச்சை நம்பி ஊசியை விட்டுவிடலாமா? இன்னொன்று. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். இருளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்குச் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனை என்று விரலில் குத்தினார்கள், ஒரே அழுகை. அதற்காவது தோல் மேல் ஒட்டிப் பார்க்கிற பட்டை ஏதாவது வந்திருக்கிறதா?

பதில்: வாட்ச்சுக்கு அப்புறம் வருகிறேன். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, டீ குடித்ததும் சரியாகிவிட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் இருக்கிற அவசரம் அதுதான்.

நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், வெறும் டீயோடு மலைச்சரிவில் மணிக்கணக்கில் வேலை செய்தவர், நடுங்கி உட்கார்ந்து, இனிப்பு உள்ளே போனதும் எழுந்துகொண்டார் என்றால் முதலில் நினைக்க வேண்டியது சர்க்கரை இறங்கிப்போனதைத்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இப்படி இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். கூடவே கூடையும் தோளுமாக ஏறி இறங்குகிற வேலை. தசைகளும் தங்கள் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பதினோரு மணிச் சாப்பாடு வருகிற வரைக்கும் உடம்பு எதை வைத்துச் சமாளிக்கும்?

அதனால் நாளைக்கே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நடந்ததை நீங்கள் எனக்கு எழுதிய மாதிரியே வரிசையாகச் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது என்றால் அதையும் கேளுங்கள். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இந்த மாதிரி மாத்திரையின் வேகம் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ வேண்டாம். அதே சமயம், சாப்பிடாமல் கிளிமிபிரைடு போடவும் வேண்டாம். இரண்டு இட்லியோ நாலு வாய் ராகிக் களியோ உள்ளே போகட்டும், பிறகு மாத்திரை, பிறகு தோட்டம்.

மறுபடி அப்படி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுங்கள். அது சுமார் 15 கிராம். கால் மணி கழித்து மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் இந்த மாத்திரையில் ஒரு தடவை இறங்கியது மறுபடியும் இறங்கும். நம் ஊரில் கையில் சாக்லேட் இருக்கும், அதைத்தான் எல்லோரும் முதலில் நீட்டுவார்கள். வேண்டாம். அதிலிருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும்.

சரி, வாட்ச்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் வரட்டீ ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கலக்குங்கள். நீங்கள் பார்க்காதபோது யாராவது இடம் மாற்றி வைக்கட்டும். எதில் சர்க்கரை என்று வாயில் வைக்காமல், பார்த்தே சொல்ல வேண்டும். முடியாது. கரைந்த சர்க்கரைக்கு நிறம் கிடையாது. வாட்ச்சின் அடியில் பச்சையாக மினுங்குகிறதே, அந்த விளக்குக்கும் இந்த விஷயத்தில் உங்கள் கண்ணுக்கு மேல் சாமர்த்தியம் இல்லை. அது நாடிக்காக வைத்த விளக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடிக் குறைவதைப் பார்க்கும். அந்த வேலையை ஓரளவு ஒழுங்காகவே செய்யும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். சர்க்கரை 100 என்று நாம் சொல்வது நூறு மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம். ஐந்து லிட்டருக்கும் சேர்த்தால் 5 கிராம். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். 60க்கு இறங்கி ஆள் நடுங்குகிறபோது அது 3 கிராம். இந்த இரண்டு கிராம் வித்தியாசத்தை மணிக்கட்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, தோலையும் கொழுப்பையும் வேர்வையையும் தாண்டிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் சர்க்கரைக்கு ஒரு சாயல் உண்டு என்பது உண்மை. ஆனால் அதே ஒளியைத் தண்ணீர் பல மடங்கு விழுங்கிவிடும், நம் உடம்போ பெரும்பகுதி தண்ணீர். ஊட்டி மாரியம்மன் தேர்க் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற மாதிரி. பெரிய ஆய்வுக்கூடங்கள் பல பத்து வருடங்களாக அந்த முணுமுணுப்பைத்தான் துரத்திக்கொண்டிருக்கின்றன. இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சில் அது கிடைத்துவிட்டது என்றால் அவர்களெல்லாம் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

அப்படியானால் 105, 110 எல்லாம் எங்கிருந்து வருகிறது? வயது, எடை, நாடி இதையெல்லாம் வைத்து ஒரு குத்துமதிப்பு. ஊரில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் 'உங்களுக்குச் சுமார் நூறு' என்று சொல்லிக்கொண்டே போனால் பாதிப் பேருக்குச் சரியாகத்தான் இருக்கும். சரியாக இல்லாத மீதிப் பேருக்குத்தானே கருவி வேண்டும்? போன வருடம் ஒருவர் இதே மாதிரி ஒன்றைக் கழற்றி என் பரிசோதனைக் கூடத்து மேஜையில் வைத்து, இது சரிதானா என்று கேட்டார். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கேரட் ஒன்றை எடுத்து அதில் கட்டிப் பார்த்தோம். நாடி 78, சர்க்கரை 104. நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிற கேரட்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் உங்கள் அத்தை நடுங்கியபோதும் அது 112 என்றுதானே சொன்னது? அந்த எண்ணை நம்பி, சர்க்கரை நார்மல்தான், இது வேறு ஏதோ என்று டீயைக் கொடுக்காமல் படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் இதைத்தான் எச்சரித்தது. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்ச்சுக்கும் எந்த மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வாங்காதீர்கள் என்றது. வாட்ச் வந்த டப்பாவில் ஒரு குட்டிப் புத்தகம் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கும்.

இதை வைத்து, தோல் வழியாக எதையுமே தெரிந்துகொள்ள முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்சிமீட்டர் குத்தாமல்தான் பார்க்கிறது. அது ஏன் முடிகிறது என்றால், ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, இறங்கியது கருஞ்சிவப்பு. அங்கே நிறம் இருக்கிறது. ஜப்பானில் தக்குவோ அவோயாகி என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் இந்த வழியைக் கண்டுபிடித்தார். அதுவும் குறையில்லாதது இல்லை. டிசம்பர்க் குளிரில் விரல் விறைத்திருந்தால் தப்பு காட்டும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று 2020இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் சில ஆஸ்பத்திரிகளில் நெற்றியில் ஒரு கருவியை வைத்து வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். காமாலையில் கூடுகிற பிலிருபின் என்ற பொருள் மஞ்சளாக இருக்கிறது, தோலிலேயே வந்து படிகிறது, அதனால் தெரிகிறது.

நிறம் இல்லாவிட்டால், தோல் தானாகவே வெளியே கொண்டுவந்து தர வேண்டும். 1948இல் நியூயார்க்கில் ஒரு கடும் வெயில் காலம். நுரையீரலையும் கணையத்தையும் கெடுக்கிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வரிசையாகத் துவண்டு வந்தார்கள். அவர்கள் வேர்வையில் உப்பு மிக அதிகமாக வெளியேறுகிறது என்று பிறகு தெரிந்தது. 1959இலிருந்து, கையில் லேசான மின்னோட்டத்தோடு ஒரு மருந்தைச் செலுத்தி வேர்க்க வைத்து, அந்த வேர்வையின் குளோரைடை அளக்கிறார்கள். 60க்கு மேலே என்றால் நோய். ஊசியே இல்லை. சர்க்கரைக்கு ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்பீர்கள். வேர்வையில் வரும் சர்க்கரை மிக மிகக் கொஞ்சம், அதிலும் தோல் மேல் ஒட்டியிருப்பது கலந்துவிடும்.

மின்னோட்டத்தை வைத்துச் சர்க்கரையையே வெளியே இழுத்த வாட்ச் ஒன்று நிஜமாகவே இருந்தது. குளுக்கோவாட்ச் என்று பெயர். 2001இல் எஃப்.டி.ஏ. அனுமதியோடு வந்தது. தோலுக்குள் மின்சாரம் ஓடும்போது சோடியம் ஒரு பக்கமாக நகரும், அது தண்ணீரை இழுக்கும், தண்ணீரோடு கொஞ்சம் சர்க்கரையும் வரும். எனக்கு இன்றைக்கும் பிடித்த யோசனை அது. ஆனால் கட்டினால் மணிக்கட்டு சிவந்து அரிக்கும். அது தயாராகும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அப்புறம் விரலில் ஒரு முறை குத்தி எண்ணைக் கொடுத்துப் பழக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, வேர்த்தால் அளவைத் தவிர்த்துவிடும். சர்க்கரை இறங்குகிற மனுஷருக்கு முதலில் வருவதே வேர்வை! சில வருடங்களில் கடையை விட்டே போய்விட்டது. அனுமதி வாங்கி, ஒழுங்காகச் செய்தவர்களுக்கே தோல் அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

இதற்குக் காரணம் தோலின் மேலடுக்குதான். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராத, செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த பூச்சு. சர்க்கரை தண்ணீரில் கரைகிற சாதி, கொழுப்பைத் தாண்டாது. அதற்குக் கீழே போய்விட்டால் கதை வேறு. செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில் சர்க்கரை தாராளமாகவே உண்டு. கையின் மேல்புறத்தில் வட்டமாக ஒட்டிக்கொள்ளும் சென்சார்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடியில் சுமார் 5 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓர் இழை தோலுக்குள் நிற்கிறது. விளம்பரத்தில் குத்துவதில்லை என்பார்கள், ஒட்டுகிறபோது ஒரு முறை குத்தத்தான் செய்கிறது. பிறகு பத்து, பதினான்கு நாளுக்கு வேண்டாம். இது நம்பக்கூடிய கருவி, ஆனால் ரத்தத்துக்கு ஐந்து பத்து நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். அந்தக் கை மேல் ஒருக்களித்துப் படுத்தால் இல்லாத இறக்கத்தைக் காட்டும். ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். அத்தைக்கு எப்போதும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவர் மாத்திரையை மாற்றும் சமயத்தில் ஒரே ஒன்று, பதினான்கு நாளுக்கு மட்டும் ஒட்டினால், காலை ஏழு மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பது கோடு போட்ட மாதிரி தெரிந்துவிடும். கையில் பணமிருந்தால் அதற்குச் செலவழிக்கலாம்.

இல்லாவிட்டாலும் குறையில்லை. உங்கள் அத்தையின் பிரச்சினை ஊசி இல்லை என்றே நினைக்கிறேன், குத்துகிற இடம்தான். கொழுந்து கிள்ளுவது பெருவிரலும் ஆள்காட்டி விரலும். தேயிலைக் கறை ஏறி வெடித்திருப்பதும் அவைதான். பாவம், பெரும்பாலும் ஆள்காட்டி விரலைத்தான் எல்லோரும் நீட்டச் சொல்கிறார்கள். மோதிர விரலையோ சுண்டு விரலையோ எடுங்கள். நுனியின் நடுச் சதையில் குத்தாதீர்கள், நகத்துக்குப் பக்கவாட்டில் குத்துங்கள். அங்கே நரம்பு நுனிகள் குறைவு. குத்தும் பேனாவின் தலையில் எண்கள் இருக்கும், வாங்கிய நாளிலிருந்து யாரும் திருகியிருக்க மாட்டீர்கள். இரண்டில் ஆரம்பித்து, சொட்டு வராவிட்டால் ஒன்று ஏற்றுங்கள். ஊசி ஒவ்வொரு தடவையும் புதிது. மழுங்கினதால் வருகிற வலியே பாதி.

குத்துவதற்கு முன்னால் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு நிமிடம் கையைத் தொங்கவிடட்டும். நம் குளிரில் இதைச் செய்யாமல் குத்தினால் ரத்தம் வராது, பிதுக்குவோம், வலிக்கும். கழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழம் உரித்த கை, வர்க்கி தின்ற கை, சாக்லேட் பிட்ட கை எல்லாமே மீட்டரில் இல்லாத சர்க்கரையைக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது, தண்ணீர்தான்.

மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை மூடுங்கள். மூடுபனி நாளில் டப்பா திறந்து கிடந்தால் ஈரம் ஏறி ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். மீட்டர் ரொம்பக் குளிர்ந்துபோனால் எண்ணுக்குப் பதில் தெர்மாமீட்டர் படமோ எரர் என்றோ காட்டும். அடுப்பு மேல் வைத்துச் சூடாக்காதீர்கள், ஸ்வெட்டருக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பல மீட்டர்களின் கையேட்டில் 3000 மீட்டர் வரை சரி என்று போட்டிருக்கும். தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான். மீட்டரும் தேவ வாக்கில்லை. 100க்கு மேலே 15 சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்பதுதான் அதற்கான உலகத் தரம். 120 என்றால் 102இலிருந்து 138க்குள் எங்கேயோ. ஆனால் 60ஐ 112 என்று சொல்லாது.

தினமும் நாலு தடவை குத்த வேண்டியதில்லை. மருத்துவர் மருந்தைச் சரிசெய்யும் இரண்டு வாரத்துக்குக் காலையில் ஒரு முறை, தோட்டத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை, அப்புறம் உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம். பிறகு எத்தனை முறை என்பதை மருத்துவர் சொல்வார். மூன்று மாதச் சர்க்கரையான எச்பிஏ1சிக்குக் கை நரம்பில் எடுப்பார்கள், விரல் தப்பிக்கும். ரத்த சோகை இருந்தால் அந்த எண் ஏமாற்றும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்கள் பக்கம் வருகிறவரிடமும் பெயரைப் பதிந்துவையுங்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

உங்கள் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வருகிறேன். அதற்குப் பட்டை எதுவும் இல்லை. சிக்கிள் செல்லில் கோளாறு ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஹீமோகுளோபின் சிவப்பணுவுக்குள் பூட்டிக் கிடக்கிறது, சிவப்பணு ரத்தக் குழாய்க்குள். சர்க்கரையாவது செல்களுக்கு நடுவே கசிகிறது, இது அங்கேகூட வருவதில்லை. ஆக்சிமீட்டர் நிறத்தைத்தான் பார்க்கும், அணு அரிவாள் மாதிரி வளைகிறதா என்று பார்க்காது. அதனால் ஒரு சொட்டு ரத்தம் வேண்டும், வேறு வழியில்லை.

ஆனால் இது சர்க்கரை மாதிரி அன்றாடம் குத்துவது இல்லை. பரம்பரையாக வருவது மாறாது, உறுதியான முடிவு ஒரு முறை கிடைத்துவிட்டால் ஆயுளுக்கும் அதுதான். சொட்டில் சந்தேகம் வந்தால் மட்டும் நரம்பில் எடுத்து உறுதி செய்வார்கள். தாய்மாரிடம் இதைச் சொல்லுங்கள், பாதி எதிர்ப்பு குறைந்துவிடும். இந்தியாவில் இந்த நோயின் தடத்தை முதன்முதலில் கண்ட இடங்களில் ஒன்று நம் மலைதான். 1952இல் லெஹ்மன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் பார்த்து எழுதினார்கள். நாடு முழுக்கப் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். நடுவில் எழுபது வருடம் போயிருக்கிறது. அழுகையைப் பார்த்து இன்னொரு மாதம் தள்ளிப்போட வேண்டாம் என்பேன். பிள்ளையை அம்மா மடியில் உட்கார வைத்து, கையை உங்கள் உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, குத்துகிற சமயத்தில் ஊதுகிற வேலை ஏதாவது கொடுங்கள், பலூனோ சோப்புக் குமிழியோ. அழுகிற பிள்ளையைக் கடைசிக்கு வைக்காதீர்கள், முதலில் முடித்து அனுப்புங்கள். மீதி வரிசைக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டாம்.

கடைசியாகக் கொழுந்தனார். ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் கழற்றச் சொன்னால் சங்கடம் என்று உங்கள் கடிதத்தில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. கழற்ற வேண்டாம். நேரம் பார்க்கட்டும், நடந்த அடியை எண்ணட்டும், அதெல்லாம் அதற்குத் தெரியும். சர்க்கரைப் பக்கத்தை மட்டும் செட்டிங்கில் மறைத்துவிடுங்கள், முடியாவிட்டால் அத்தையிடம் கேரட் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது என்ன வாங்கிவர என்று அவர் கேட்டால், ஐம்பது ஸ்ட்ரிப் டப்பா ஒன்று, உங்கள் மீட்டரின் பெயரைச் சொல்லி. காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.